சர்வர் வாய் திறந்த கதை

வலை வளர்ந்த வரலாறு – 14

1993 மார்ச். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த சைமன் கிங் என்ற பிரிட்டிஷ்காரருக்குக் கிரிக்கெட் பைத்தியம். பேஸ்பால் ஆடும் ஊரில் டெஸ்ட் மேட்ச் ஸ்கோரை யாரிடம் கேட்பது? ஐஆர்சி என்ற அரட்டை வலையில் ஸ்கோர் சொல்லும் ஒரு சிறு நிரலை அவர் ஓடவிட்டார். ஆட்டத்தைப் பார்க்கும் வசதியுள்ள ஆர்வலர்கள் எங்கெங்கோ இருந்து தட்டச்சு செய்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டிருந்த இந்திய, இலங்கை, பாகிஸ்தான் மாணவர்களின் திரைகளில் வரிகள் வந்து விழுந்தன. கிரிக்இன்ஃபோ பிறந்தது அப்படித்தான்.

ஐஆர்சி அறையில் உட்கார்ந்திருப்பவர் எதையும் கேட்க வேண்டியதில்லை. விக்கெட் விழுந்தால் செய்தி தானாக வரும். சில ஆண்டுகளில் கிரிக்இன்ஃபோ வலைத்தளமாக மாறியது. ஸ்கோர்கார்டு அழகானது, படங்கள் வந்தன, புள்ளிவிவரங்கள் குவிந்தன. ஒன்று மட்டும் தொலைந்துபோனது. அடுத்த பந்தில் என்ன ஆனது என்று தெரிய, ரீலோட் பட்டனை அழுத்தியாக வேண்டும். அழுத்தாதவருக்கு டெண்டுல்கர் மணிக்கணக்கில் அதே ரன்னிலேயே நிற்பார்.

1988இல் பின்லாந்துக்காரர் யார்க்கோ ஓய்க்கரினென் எழுதிய ஐஆர்சியால் முடிந்தது, அதற்குப் பின் வந்த வலையால் முடியவில்லை. இந்தப் பின்னடைவை நேர்செய்ய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இதில் வியப்பு என்னவென்றால், இரண்டு கணினிகளை இருவழியாகப் பேசவைப்பது ஒருநாளும் கடினமாக இருந்ததில்லை. இணையத்தின் அடித்தளமான டிசிபி இணைப்பு பிறவியிலேயே இருவழிப் பாதை. இருபது ஆண்டுகளைத் தின்றது வேறொன்று. அது இருவருக்கும் நடுவில் நின்ற கூட்டம்.

டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வகுத்த முதல் எச்டிடிபி நெறிமுறை ஒரே வரிதான். பிரவுசர் ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று கேட்கும். சர்வர் பக்கத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். கேட்டவர் யார், முன்பு என்ன கேட்டார் என்ற நினைவெல்லாம் சர்வருக்குக் கிடையாது. செர்ன் ஆய்வகத்தின் ஆவணங்களை உலகமெங்குமுள்ள இயற்பியலாளர்கள் படிக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த வேலைக்கு இதைவிடச் சிக்கனமான வடிவம் இருந்திருக்க முடியாது. யாரையும் நினைவில் வைக்காததால்தான் ஒரு சின்ன இயந்திரம் ஆயிரக்கணக்கானோருக்குப் பக்கம் பரிமாற முடிந்தது. வலை அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்த மறதியும் ஒரு காரணம். விலை ஒன்றுதான்: கேட்டால் ஒழிய சர்வர் பேசாது.

முதலில் முரண்டுபிடித்தது நெட்ஸ்கேப். 1995இல் வந்த அதன் 1.1 பதிப்பு இரண்டு வழிகளைத் தந்தது. ஒன்று, பக்கமே இத்தனை நொடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு. மற்றது துணிச்சலானது. சர்வர் பதிலை அனுப்பும், ஆனால் முடித்துவிட்டதாகச் சொல்லாது. இணைப்பு திறந்தே கிடக்கும். அடுத்த துண்டு வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பிரவுசர் காட்டும். அந்த நாட்களில் வலையில் படம் அசைந்தது பெரும்பாலும் இந்த உபாயத்தால்தான். மற்றப் பயன்கள் மறைந்துவிட்டாலும் கண்காணிப்பு கேமராக்கள் பல இன்றும் இதே முறையில் படங்களை அடுத்தடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கின்றன.

அது ஒருவழிப் பாதை. பிரவுசர் திரும்பிப் பேச வேண்டுமானால் வேறு இணைப்பு வேண்டும். ஜாவா ஆப்லெட்டுகளாலும், 2000இல் வந்த ஃபிளாஷ் 5இன் எக்ஸ்எம்எல்சாக்கெட் வசதியாலும் உண்மையான இருவழி இணைப்பைத் திறக்க முடிந்தது. ஆனால் அலுவலகங்களின் ஃபயர்வால்கள் வலைப்பக்கங்களுக்கான 80, 443 ஆகிய போர்ட்களைத் தவிர மற்ற கதவுகளைப் பெரும்பாலும் பூட்டி வைத்திருந்தன. வீட்டில் வேலை செய்த அரட்டைப் பெட்டி ஆபீசில் வெள்ளையாக நின்றது.

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் குழு, அவுட்லுக்கைப் பிரவுசருக்குள் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு மடலுக்கும் முழுப் பக்கத்தையும் மறுபடி ஏற்றினால் யார் பயன்படுத்துவார்கள்? பக்கத்தைக் கலைக்காமல் பின்னணியில் சர்வரிடம் கேட்டுவாங்கும் ஒரு கருவியை அலெக்ஸ் ஹாப்மன் எழுதினார். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 வெளியாகும் தறுவாய். புதிய வசதியை நுழைக்க இடம் இருந்தது எக்ஸ்எம்எல் நூலகத்தில் மட்டும்தான். அதனால் அதில் செருகி, எக்ஸ்எம்எல்எச்டிடிபி என்று பெயரும் வைத்தார்கள். எக்ஸ்எம்எல்லுக்கும் அதற்கும் அப்படியொன்றும் உறவில்லை. 1999இல் வெளிவந்த அந்தக் கருவியைப் பிற பிரவுசர்களும் எடுத்துக்கொண்டன. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்தப் பாணிக்கு ஏஜாக்ஸ் என்று பெயரிட்டபோது, ஜிமெயிலும் கூகுள் மேப்ஸும் ஏற்கெனவே அதன் மீது ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது ரீலோட் பட்டனை மனிதர் அழுத்த வேண்டாம், நிரலே சில நொடிக்கு ஒருமுறை ‘புதிதாக ஏதாவது உண்டா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும். இன்டர்வியூவுக்குப் போய் வந்தவர் தினமும் தபால்காரரை மறித்து விசாரிப்பதைப் போன்றதுதான் இது. பெரும்பாலும் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். அந்த ‘இல்லை’யைக் கொண்டுவரக்கூட, குக்கீ, பிரவுசரின் பெயர், மொழி விருப்பம் என்று சில நூறு பைட்கள் ஒவ்வொரு முறையும் போய்வர வேண்டும்.

இதற்குக் கண்டுபிடித்த மாற்று, லாங் போலிங். பிரவுசர் கேட்கும், சர்வர் ‘இல்லை’ என்று சொல்லாமல் மௌனமாக இருக்கும். செய்தி வந்த கணத்தில் பதில் சொல்லும். பதில் கிடைத்ததும் பிரவுசர் அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டு மீண்டும் காத்திருக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு சர்வர் தானாகப் பேசுவது போலவே தெரியும். உள்ளே நடப்பது பழைய கேள்வி–பதில்தான், பதிலை இழுத்தடிக்கிறார்கள், அவ்வளவே.

இழுத்தடிப்பது எளிதாக இல்லை. எச்டிடிபி 1.1இன் அன்றைய விதிப்படி ஒரு பிரவுசர் ஒரு சர்வரோடு இரண்டு இணைப்புகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. காத்திருப்பதற்கே ஒன்று போய்விட்டால், படம், எழுத்து, மற்ற வேலைகள் எல்லாமே மிச்சமுள்ள ஒன்றில்தான் போக வேண்டும். இரண்டு டேப் திறந்தால் தளமே உறைந்துவிடும். இதைத் தாண்ட, காத்திருக்கும் இணைப்புகளுக்கென்றே தனித்தனித் துணை முகவரிகளை உண்டாக்கினார்கள். நடுவில் இருந்த புராக்ஸி என்ற இடைநிலைப் பெட்டிகள் அதிக நேரம் சும்மா கிடக்கும் இணைப்புகளை வெட்டின. வேறு சில புராக்ஸிகள், வந்த துண்டுகளை அப்போதைக்கப்போது அனுப்பாமல், முழுப் பதிலும் சேரட்டும் என்று பிடித்துவைத்தன.

இவற்றில் தலைசிறந்த உபாயம் கூகுளுடையது. 2006 பிப்ரவரியில் ஜிமெயிலுக்குள் அரட்டை வந்தது. பக்கத்துக்குள் பக்கமான ஐஃபிரேம் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் திறந்து, அதை முடிவே இல்லாத ஒரு பக்கமாக ஏற்றிக்கொண்டே இருப்பது அக்காலத்தில் பலரும் கையாண்ட வழி. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஐஃபிரேம் ஒவ்வொரு முறை நகரும்போதும் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், மூலையில் உலக உருண்டை சுழன்றுகொண்டே இருக்கும். அரட்டையில் ஒருவர் எதையோ எழுதும்போதெல்லாம் கணினி க்ளிக் க்ளிக் என்றால் யார் பொறுப்பார்கள்? ஜிமெயில் குழு, எச்டிஎம்எல்ஃபைல் என்ற ஆக்டிவ்எக்ஸ் பொருளை நினைவகத்தில் உருவாக்கி, ஐஃபிரேமை அதற்குள் மறைத்துவைத்தது. பயனரின் ஜன்னலில் இல்லாத பக்கத்துக்குச் சத்தமும் இல்லை, உருண்டையும் சுழலாது.

கூகுளின் நிரலைத் துருவி இதை விவரித்தவர் டோஜோ ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் அலெக்ஸ் ரஸ்ஸல். அடுத்த மாதமே இந்த வகை உபாயங்கள் அனைத்துக்கும் சேர்த்து அவர் காமெட் என்று பெயரிட்டார். (ஏஜாக்ஸும் காமெட்டும் அமெரிக்க வீடுகளில் பாத்திரம், தரை தேய்க்கும் பவுடர்களின் பெயர்கள்.)

இவ்வளவு பாடுபட்டும் பயனர் கூட்டம் பெருகியபோது இன்னொரு சுவர் முட்டியது. கேட்டதும் மறந்துவிடுவதால்தானே சர்வர் இலகுவாக இருந்தது? இப்போது ஒவ்வொரு பயனருக்கும் ஒரு இணைப்பைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அப்பாச்சி சர்வர் அன்று ஓர் இணைப்புக்கு ஒரு பிராசஸ் அல்லது ஒரு திரெட் என்று ஒதுக்கியது. பத்தாயிரம் பேர் சும்மா காத்திருந்தாலே இயந்திரம் மூச்சுத் திணறும். டான் கெகல் 1999லேயே இதை ‘பத்தாயிரம் இணைப்புச் சிக்கல்’ என்று முன்வைத்து, ஆயிரங்களை ஒரே திரெட்டில் கவனிக்கும் வழிகளைப் பட்டியலிட்டிருந்தார். அந்த வழியில் லினக்ஸில் இபோல் வசதி வந்தது, ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004இல் என்ஜின்எக்ஸ் சர்வரை வெளியிட்டார்.

2008 ஏப்ரலில் ஃபேஸ்புக் அரட்டையைத் தொடங்கியபோது அதன் பயனர்கள் சுமார் 7 கோடி. காத்திருக்கும் இணைப்புகளைத் தாங்க, அவர்கள் தங்கள் வழக்கமான பிஎச்பியை ஒதுக்கிவைத்துவிட்டு எர்லாங் மொழியை எடுத்தார்கள். எர்லாங், ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக உருவாக்கியது. ஒரே நேரத்தில் லட்சம் அழைப்புகளைப் பிடித்துவைத்திருப்பது அதற்குப் பழகிய வேலை.

இந்தக் கட்டத்தில் வேடிக்கை ஒன்று உண்டு. உலகின் மிகச் சிறந்த பொறியாளர்கள், டிசிபி என்ற இருவழிப் பாதையின் மேல் எச்டிடிபி என்ற ஒருவழிப் பழக்கத்தைப் போட்டு, அதன் மேல் மறுபடி இருவழிப் பாதை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் பிரவுசருக்கு நேரடியாக டிசிபியைத் திறந்துவிட்டால் என்ன?

அதைத்தான் எச்டிஎம்எல்5 வரைவின் ஆசிரியர் இயன் ஹிக்சன் முதலில் எழுதிவைத்திருந்தார். டிசிபிகனெக்‌ஷன் என்று பெயர். கேட்க நன்றாக இருந்தாலும் ஆபத்து பெரிது. யாரோ ஒருவரின் வலைப்பக்கத்தை நீங்கள் திறக்கிறீர்கள். உங்கள் பிரவுசர் உங்கள் அலுவலக ஃபயர்வாலுக்கு உள்ளே இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நிரல் உங்கள் பிரவுசர் மூலமாக உள்ளேயிருக்கும் அஞ்சல் சர்வரோடு பேசி ஸ்பாம் அனுப்பலாம், பிரிண்டரையும் டேட்டாபேஸையும் தட்டிப் பார்க்கலாம். சாதாரண எச்டிஎம்எல் படிவத்தை வைத்தே அஞ்சல் சர்வரை ஏமாற்ற முடியும் என்று 2001இல் ஜெர்மனியின் யோகன் டோஃப் காட்டியிருந்தார். ஆகவே எதிரில் இருக்கும் சர்வர், ‘எனக்கு இந்தப் பேச்சு தெரியும், சம்மதம்’ என்று முதலில் நிரூபித்தாக வேண்டும்.

2008 கோடையில் இதைப் பற்றிய வாதங்கள் சூடுபிடித்தன. காமெட் சர்வர்களில் ஒன்றான ஆர்பிட்டெட்டை எழுதிய மைக்கேல் கார்ட்டர், தூய டிசிபியும் வேண்டாம், எச்டிடிபியின் வாசல் வழியாகவே நுழைந்து, உள்ளே போனபின் பேச்சை மாற்றிக்கொள்ளலாம் என்ற பக்கம் நின்றார். எச்டிடிபி 1.1இல் அப்கிரேட் என்ற தலைப்பு வரி ஏற்கெனவே இருந்தது. யாரும் அதிகம் தொடாமல் தூசு படிந்து கிடந்தது. அதைப் பயன்படுத்தினால் 80ஆம் போர்ட்டிலேயே நுழையலாம், வலை சர்வரும் அதே இடத்தில் இருக்கலாம். ஹிக்சனும் கார்ட்டரும் ஓர் ஐஆர்சி அறையில் பேசிக்கொண்டிருந்தபோது வெப்சாக்கெட் என்ற பெயர் அமைந்தது.

2009 டிசம்பரில் கூகுள் குரோம் 4இன் சோதனைப் பதிப்பில் அது வந்துவிட்டது. கூகுளுக்கு என்ன அவசரம் என்று கேட்டவர்களுக்கு ஹிக்சனிடம் கணக்கு இருந்தது. ஒவ்வொரு செய்தியோடும் கிலோபைட் அளவுக்குப் போய்வந்த தலைப்பு வரிகள் இரண்டு பைட்டுகளாகச் சுருங்கும். புது இணைப்பு போட்டு அனுப்ப 150 மில்லிசெகண்ட் ஆன இடத்தில் 50 மில்லிசெகண்ட் போதும்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் சண்டையில் போயின. 2010 தொடக்கத்தில் நெறிமுறையின் பொறுப்பை ஐஇடிஎஃப் என்ற இணையப் பொறியியல் அமைப்பு ஏற்றது. அதற்கென அமைந்த பணிக்குழுவின் பெயர் ஹைபை, ‘இருவழி எச்டிடிபி’ என்பதன் சுருக்கம். ஒரு பக்கம் பிரவுசர்காரர்கள்: எளிமை, பாதுகாப்பு, ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவரின் வசதி. மறுபக்கம் ஜெட்டி சர்வரின் கிரெக் வில்கின்ஸ், எச்ஏபுராக்ஸியின் வில்லி டாரோ போன்றவர்கள். இவர்கள் சர்வர்களையும், சர்வருக்கும் பிரவுசருக்கும் நடுவில் நிற்கும் பெட்டிகளையும் கட்டி அனுபவப்பட்டவர்கள். எது காகிதத்தில் அழகாக இருந்து களத்தில் உடையும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உடைந்ததற்கு உதாரணம், ஹிக்சனின் 76ஆம் வரைவு. எண்களுக்கு நடுவே இடைவெளிகளையும் பொருளற்ற எழுத்துகளையும் தூவிப் பிரவுசர் இரண்டு சாவிகளை அனுப்பும். சர்வர் எண்களை மட்டும் பொறுக்கி, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதோடு எட்டு பைட்களைச் சேர்த்து விடை கணக்கிட வேண்டும். படிவத்தாலோ பழைய கருவிகளாலோ போலிசெய்ய முடியாத சடங்கு என்பது இதன் நோக்கம். ஆனால் அந்த எட்டு பைட்கள் தலைப்பு வரிகள் முடிந்த பிறகு, நீளம் எவ்வளவு என்ற அறிவிப்பே இல்லாமல் வந்தன. எச்டிடிபி விதியை ஒழுங்காகப் பின்பற்றும் புராக்ஸி, அவற்றை அந்தக் கேள்வியின் பகுதியாகவே எண்ணாது. தன்னிடமே வைத்துக்கொண்டு சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும். சர்வரோ எட்டு பைட்கள் வந்தால்தான் பதில் சொல்லும். இரண்டு பேரும் காத்துக்கொண்டே இருப்பார்கள். ஒழுங்காக நடந்துகொண்ட பெட்டிதான் தண்டிக்கப்பட்டது.

பெரிய இடி 2010 நவம்பர் கடைசியில் விழுந்தது. லின்-ஷுங் ஹுவாங், எரிக் சென், ஆடம் பார்த், எரிக் ரெஸ்கோர்லா, காலின் ஜாக்சன் ஆகிய ஐவர் ஒரு தாக்குதலைச் செய்தே காட்டினார்கள். அதைப் புரிந்துகொள்ள ‘டிரான்ஸ்பரென்ட் புராக்ஸி’யை அறிய வேண்டும். இணைய சேவை நிறுவனங்களும் அலுவலகங்களும், பயனருக்குத் தெரியாமலே 80ஆம் போர்ட் போக்குவரத்தை மறித்து, அடிக்கடி கேட்கப்படும் கோப்புகளைச் சேமித்துவைத்துத் தரும் பெட்டி அது. தாக்குபவர் தன் வலைப்பக்கத்திலிருந்து தன் சொந்த சர்வருக்கே வெப்சாக்கெட் திறக்கிறார். பிறகு அதற்குள், எழுத்துக்கு எழுத்து ஒரு எச்டிடிபி கேள்வியைப் போலவே இருக்கும் செய்தியை அனுப்புகிறார்: ‘கூகுள் அனலிடிக்ஸின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கொடு’ என்று. அப்கிரேட் பற்றி எதுவும் தெரியாத பெட்டி, இதை அடுத்த கேள்வி என்றே நம்புகிறது. எதிர்ப்புறம் இருப்பது தாக்குபவரின் சர்வர். அது நஞ்சு கலந்த ஒரு கோப்பை அனுப்புகிறது. பெட்டி அதைக் கூகுளின் கோப்பு என்று சேமித்துவைக்கிறது. அதன்பின் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும், அனலிடிக்ஸ் பயன்படுத்தும் எந்தத் தளத்துக்குப் போனாலும், நஞ்சுதான் கிடைக்கும்.

ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்க முடியவில்லை. விளம்பரங்கள் வழியே ஜாவா, ஃபிளாஷ் நிரல்களை உலகெங்கும் உள்ள பிரவுசர்களுக்கு அனுப்பிச் சோதித்தபோது, எண்ணிக்கையில் சிறிதானாலும் உண்மையாகவே ஏமாறும் பெட்டிகள் களத்தில் இருந்தன. 2010 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 4இலும் ஓபரா 11இலும் வெப்சாக்கெட் அணைக்கப்பட்டது.

தவறு வெப்சாக்கெட்டினுடையதா, பெட்டிகளுடையதா? ஹைபை குழுவில் இதற்கு இரண்டு பதிலும் இருந்தன. பெட்டிகள்தான் குற்றவாளி என்பதே நியாயமான தீர்ப்பாக இருந்திருக்கும். ஆனால் உலகெங்கும் சுவர்களில் பொருத்தப்பட்டு, யார் பொருத்தினார்கள் என்பதே மறந்துபோன பெட்டிகளை யார் போய்த் திருத்துவது? கடைசியில் நெறிமுறை வளைந்துகொடுத்தது. பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு துண்டும் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று விதித்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக நான்கு பைட் எண் ஒன்றைப் பிரவுசர் தன்போக்கில் தேர்ந்தெடுக்கும். செய்தியின் பைட்களை அந்த எண்ணோடு எக்ஸ்ஓஆர் என்ற எளிய கணக்கால் கலந்து அனுப்பும். எண்ணும் கூடவே போவதால் இதில் ரகசியம் ஏதுமில்லை, சர்வர் நொடியில் அவிழ்த்துவிடும். பலன் வேறு: வலைப்பக்கத்தின் நிரல் எதை எழுதினாலும், கம்பியில் என்ன பைட்கள் ஓடும் என்பதை அதனால் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. ஆகவே எச்டிடிபி கேள்வியைப் போல வேடமிடவும் முடியாது.

2011 டிசம்பரில் நெறிமுறை ஆர்எஃப்சி 6455 என்ற எண்ணோடு வெளியானது. அதற்குமுன் ஹைபை குழு 00 முதல் 17 வரை வரைவுகளைக் கடந்திருந்தது. பதிப்பாசிரியர்கள் கூகுளின் இயன் ஃபெட், ஐசோடின் அலெக்ஸி மெல்நிகோவ். தொடக்கி வைத்த ஹிக்சனின் பெயர் அட்டையில் இல்லை. இன்றும் உலகில் எந்தப் பிரவுசர் வெப்சாக்கெட் திறந்தாலும் பதிப்பு எண் 13 என்று சொல்லித்தான் தொடங்குகிறது, முட்டிமோதிய வரைவுகளின் மிச்சம் அது.

தொடக்கச் சடங்கு இப்போது எளிமையானது. பிரவுசர் 16 பைட் கொண்ட ஒரு தற்செயல் சாவியை அனுப்பும். சர்வர் அதோடு நெறிமுறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 36 எழுத்துகள் கொண்ட ஒரு மாறாத சரத்தை ஒட்டி, எஸ்எச்ஏ-1 கணக்குப் போட்டு விடையைத் திருப்பித் தரும். அந்தச் சரம் உலகறிந்தது. பூட்டுச் சாவியாக இருப்பது அதன் வேலையில்லை. அஞ்சல் சர்வரோ பிரிண்டரோ தவறிப்போய்க்கூட இந்த விடையைச் சொல்லிவிடாது என்பதற்கான உத்தரவாதம், அவ்வளவே. விடை சரியென்றால் 101 என்ற எண்ணோடு பேச்சு மாறும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

எவ்வளவு மிச்சம்? ‘வணக்கம்’ என்பதை எடுத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8இல் அது 21 பைட். சர்வர் அனுப்பினால் முன்னால் இரண்டே பைட் ஒட்டி, 23 பைட்டில் வந்துசேரும். பிரவுசர் அனுப்பினால் முகமூடி எண்ணும் சேர்ந்து 27. லாங் போலிங்கில் இதே வணக்கம் தன்னைவிடப் பல மடங்கு எடையுள்ள தலைப்பு வரிகளைச் சுமந்து போய்வந்தது.

நெறிமுறை வந்ததாலேயே கதை முடியவில்லை. ரையன் டால் 2009இல் நோட்ஜேஎஸ்ஸை வெளியிட்டிருந்தார். ஒரே திரெட்டில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும் வித்தையை ஜாவாஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த எவருக்கும் அது கொடுத்தது. அதன் மேல் 2010இல் அர்ஜென்டினாவின் கியெர்மோ ராவ்ச் எழுதிய சாக்கெட்.ஐஓ நூலகம், வெப்சாக்கெட் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் ஃபிளாஷ், லாங் போலிங் என்று பழைய உபாயங்களையும் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டது. நிரலாளர் ஐஃபிரேமின் க்ளிக் சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் 2014இல் சாக்கெட்.ஐஓ 1.0 வந்தபோது வரிசையைத் தலைகீழாக்கினார்கள். முதலில் லாங் போலிங்கில் தொடங்கு, வேலை நடக்கட்டும். பின்னணியில் வெப்சாக்கெட்டை முயன்று பார், கிடைத்தால் மாறிக்கொள். காரணம், ஃபயர்வால்களும் புராக்ஸிகளும் சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களும். இவை வெப்சாக்கெட்டை மறுத்தால்கூடப் பரவாயில்லை, மறுக்காமல் விழுங்கிவிடும். தோல்வி என்று தெரிவதற்குள் பயனர் பல நொடிகள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் அனுபவசாலிகள், போக்குவரத்தை மறைக்குறியாக்கும் 443ஆம் போர்ட்டையே விரும்பினார்கள். உள்ளே என்ன போகிறது என்று தெரியாத பெட்டியால் அதில் தலையிடவும் முடியாது.

அதன்பின் பரவியது வேகமாக. 2012இல் மொசில்லா வெளியிட்ட பிரவுசர்குவெஸ்ட் என்ற சிறு விளையாட்டில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே திரையில் எலிகளையும் எலும்புக்கூடுகளையும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூரின் ஜெரோதா நிறுவனத்தின் கைட் தளத்தில் பங்கு விலைகள் மாறுவது வெப்சாக்கெட்டில்தான். 2015இல் ஃபீனிக்ஸ் கட்டமைப்பின் குழு 40 கோர், 128 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே இயந்திரத்தில் 20 லட்சம் வெப்சாக்கெட்களைத் திறந்துவைத்துக் காட்டியது. அடியில் ஓடியது அதே பழைய எர்லாங்.

எல்லாவற்றுக்கும் வெப்சாக்கெட் தேவையில்லை என்ற தெளிவும் மெல்ல வந்தது. சர்வர் மட்டும் பேசினால் போதும் என்ற இடத்துக்கு சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் என்ற எளிய வழி உண்டு. ஓபரா 2006லேயே அதைச் செய்து பார்த்தது. அது சாதாரண எச்டிடிபி பதில்தான், வரி வரியாக வந்துகொண்டே இருக்கும். அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்று இருந்த அதற்கு, செயற்கை நுண்ணறிவு அரட்டைகளால் மறுவாழ்வு கிடைத்தது. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சேவை பதிலைச் சொல் சொல்லாக அனுப்புவது இந்த வழியில்தான். நெட்ஸ்கேப் 1.1 திறந்துவைத்த ‘முடிக்காத பதில்’ முப்பது ஆண்டு கழித்தும் வேலை செய்கிறது.

2015இல் எச்டிடிபி/2 வந்தபோது வெப்சாக்கெட்டுக்கு மறுபடி வீடில்லாமல் போனது. புதிய நெறிமுறை ஒரே டிசிபி இணைப்பில் பல உரையாடல்களை அடுக்கியது. அதில் அப்கிரேட் வரிக்கும் 101க்கும் இடமில்லை. ஒரு உரையாடலுக்காக முழு இணைப்பும் பேச்சை மாற்றிக்கொள்ள முடியாதே. மூன்று ஆண்டுகள் பிரவுசர்கள் வெப்சாக்கெட்டுக்கென்று தனியாகப் பழைய 1.1 இணைப்பைத் திறந்துகொண்டிருந்தன. 2018 செப்டம்பரில் மொசில்லாவின் பேட்ரிக் மெக்மேனஸ் எழுதிய ஆர்எஃப்சி 8441, கனெக்ட் என்ற பழைய கட்டளையை நீட்டி, எச்டிடிபி/2இன் ஓர் ஓடைக்குள் வெப்சாக்கெட்டை வைத்தது. 36 எழுத்துச் சரமும் எஸ்எச்ஏ-1 சடங்கும் இங்கே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள்.

முகமூடியை மட்டும் யாரும் கழற்றவில்லை. மறைக்குறியாக்கப்பட்ட இணைப்பில், எந்தப் பெட்டியும் எட்டிப்பார்க்க முடியாத இடத்தில்கூட, பிரவுசர் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு பைட் எண்ணைப் பொறுக்கி எக்ஸ்ஓஆர் செய்தே அனுப்புகிறது. விதி அப்படித்தான் சொல்கிறது. அடுத்துவந்த க்விக் நெறிமுறையை வடிவமைத்தவர்கள், பெட்டிகளுக்கு எதையும் காட்டாமல் இருப்பதே நல்லது என்று தொடக்கத்திலிருந்தே ஏறக்குறைய எல்லாவற்றையும் மறைத்துவிட்டார்கள். 2022இல் அதன் மேல் ஓடும் எச்டிடிபி/3க்கும் வெப்சாக்கெட் போய்ச் சேர்ந்தது.

இத்தனையிலும் இரண்டு பிரவுசர்கள் பேசிக்கொள்ள நடுவில் ஒரு சர்வர் தேவைப்பட்டது. அந்த சர்வரையும் விலக்கிவிட்டு, முகத்தையும் குரலையும் நேராக அனுப்பக் கிளம்பிய வெப்ஆர்டிசி, வீட்டு ரவுட்டர்களோடு மல்லுக்கட்டிய கதை அடுத்த இதழில்.